பொறுக்கி எடுத்த கல்

அப்பாவின் இடது காதுக்குள் இருந்த மண் மட்டும் வருவதாக இல்லை. செவ்வந்தி ஈரத்துணியின் முனையைத் திரிபோல முறுக்கி உள்ளே விட்டு எடுத்தாள். வெள்ளையாக மண் ஒட்டி வந்தது. துணியை அலசி, மறுபடி விட்டாள். மறுபடியும் வெள்ளை.

"போதும் கண்ணு," என்றாள் அத்தை பழனியாத்தாள். "காதுக்குள்ள எவன் பாக்கப் போறான்? நேரமாவுது."

ஆசுபத்திரியில் கழுத்துவரை துணி சுற்றித் தைத்துக் கொடுத்திருந்தார்கள். அவிழ்க்கக் கூடாது, முகத்தை மட்டும் துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகளுக்கு மிச்சம் கிடைத்தது அந்த ஒரு முகம்தான். அதனால்தான் அவளுக்கு விட மனமில்லை.

துணியில் ஒட்டிய மண்ணை அவள் விரல்கள் தேய்த்துப் பார்த்தன. நினைத்துச் செய்யவில்லை; இரண்டு வருடம் கல்லூரியில் நிலவியல் படித்து, கல்லும் மண்ணுமாகப் பழகிய விரல்கள் தாமாகவே செய்தன. மணல் நெருடவில்லை. அரைத்த மாவுபோல வழுக்கிக்கொண்டு போனது. அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள். போகவில்லை. இன்னொரு முறை துடைத்தாள்.

அப்பா மாசாணம் முப்பது வருடம் கிணறு வெட்டினவர். கிணத்துக்கடவைச் சுற்றி அவர் இறங்காத தோட்டம் குறைவு. நேற்று, திங்கட்கிழமை, வெள்ளியங்கிரியின் தென்னந்தோப்பில் புதுக்கிணறு இருபத்திரண்டு அடி ஆழத்தில் இருந்தது. அவர் அடியில் குனிந்து கூடையில் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கச் சுவர் அப்படியே இறங்கி வந்து மூடிவிட்டது. தோண்டி எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

இப்போது வாசலில் கீற்றுப் பந்தலுக்கு அடியில் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் அம்மா பாவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது முடித்துவிட்டாளா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. புருஷன் காலை மூடியிருந்த துணியின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தலுக்கு வெளியே வெயிலில் சின்னான் நின்றான். மாசாணம் கிணற்றுக்குள் இறங்கினால் மேலே கயிறு பிடிப்பவன் அவன்தான், பதினாறு வருடமாக. கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இறங்கினவன் செத்துப்போனால், மேலே கயிறு பிடித்தவன்தான் பாடைக்கு முன்தோள் கொடுக்க வேண்டும். பெற்ற பிள்ளை இருந்தாலும் பின்னால்தான். அந்த முன்தோளை ஊர் ஒருவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு எவனும் உள்ளே இறங்க மாட்டான். அவன் பிழைப்பு அன்றோடு சரி.

பந்தலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார்.

"ஏப்பா சின்னான், பன்னெண்டு பலகை நான் எறக்கிக் குடுத்தனா இல்லியா?"

"குடுத்தீங்க."

"ஞாயித்துக்கெழமை ராத்திரி அந்த மழை பேஞ்சுது. பக்கத்துக்குப் பலகை வெச்சு முட்டுக் குடுக்காம எப்படி மனுசன எறக்குனே? பலகை அத்தனையும் மேட்டுல அடுக்குனபடியே கெடக்குது. போலீசுக்காரன் எங்கிட்டல்ல கேக்கறான்?"

சின்னான் தலையைத் தூக்கினான். அவன் பார்வை வெள்ளியங்கிரியிடம் போகாமல் செவ்வந்தியிடம் வந்தது. ஒரே ஒரு நொடி. பிறகு கீழே இறங்கிவிட்டது.

"மறந்துபோட்டனுங்க."

"மறந்துபோட்டயா?" பழனியாத்தாள் எழுந்தே விட்டாள். "சோறு திங்க மறந்தயா? பீடி பத்த வெக்க மறந்தயா? எந்தம்பியப் பொதைக்கறதுக்கு மட்டும் மறதி வந்துருச்சாக்கும்! ஏனுங்க, எல்லாருங் கேட்டுக்கோங்க. எந்தம்பி பாடையில இவன் தோள் பட்டுது, நான் குறுக்க உழுந்துபோடுவேன். சொல்லிபோட்டேன்."

பங்காளி அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அப்ப முன்னால நான் புடிச்சுக்கறனுங்க அக்கா," என்றான்.

சின்னான் ஒன்றும் மறக்கவில்லை. அது செவ்வந்திக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாசாணம் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசிக்குள் ஒரு கல்லைப் போட்டு எடுத்து வந்தார். மகள் பீளமேட்டுக் கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தாள், அவளுக்குக் காட்ட. இளஞ்சிவப்புக் கல். உடைந்த முகம் மட்டம் மட்டமாகப் பளபளத்தது.

"இது ஃபெல்ஸ்பாருங்கப்பா. நம்மூர்ல வெள்ளையா வெங்கச்சங்கல்லும்பாங்களே, அதுக்குத் தங்கச்சி மாதிரி."

"அக்காளோ தங்கச்சியோ, கெணத்துச் சுவரு நிக்குமா? பத்தொம்பதாவது அடியில இருந்து இதேதான் வருது."

அவள் பென்சில் சீவும் கத்தியை எடுத்துக் கல்லின் மேல் அழுத்தி இழுத்தாள். முனை வழுக்கியது. கோடு விழவில்லை. இன்னொரு முகத்திலும் இழுத்துப் பார்த்தாள்.

"கத்தியே எறங்கல பாருங்க. நல்ல கெட்டிங்கப்பா. நிக்கும்."

வாசலில் குத்தவைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்த சின்னான்தான், "எதுக்கும் நாளைக்குப் பலகையக் கட்டிக்கலாமுங்க அண்ணா," என்றான்.

"அட போடா. முப்பது வருசமா நான் மண்ண மோந்து பாத்துத்தான் எறங்கறேன். எம்புள்ள கீறிப் பாத்துச் சொல்லுது. பலகை கட்ட ஒரு நாளு, பிரிக்க ஒரு நாளு. வேண்டாம் உடு."

பாவாத்தாள் அப்போது தண்ணீருக்குப் போயிருந்தாள்.

அந்தப் பிள்ளையை வையாதீர்கள். பத்தொன்பது வயது. அந்த வளவு வீடுகளிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறினவள். இத்தனை வருடத்தில் அப்பா அவளிடம் தொழில் சங்கதி கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் கல்லை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். பதினோரு மணிக்கு மேல் ஆய்வக வகுப்பு. சீனிவாசலு சார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான துண்டு. யாரும்மா பொறுக்கினது?"

"எங்கப்பாங்க சார். கெணத்துல. நல்லதாப் பாத்து எனக்குன்னு பொறுக்கி எடுத்துட்டு வந்தாருங்க."

"அதான் பாத்தேன்." சார் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நல்லதாப் பொறுக்கினது சரி. இது எதுக்குள்ள இருந்துச்சு? சுத்தி வெள்ளையா, மாவாட்டம் மண்ணு இருந்துச்சா?"

"நான் எறங்கிப் பாக்கலீங்க சார்."

"ஃபெல்ஸ்பார் கெட்டிதான். ஆனா பாறை இடுக்குல காலகாலமா தண்ணி எறங்கி எறங்கி, அது களிமண்ணாப் போயிரும். அங்கங்க இப்படி ஒரு துண்டு மட்டும் மிச்சம் நிக்கும். காஞ்சு கெடந்தா சுவரு மாதிரிதான் தெரியும். ஒரு மழை பட்டா சோப்புக்கட்டி. மேல இருக்கிறது எல்லாம் வழுக்கிட்டு வந்துடும். இதை முதல் வருசத்துலயே சொல்லிக் கொடுத்தேனே. கைக்கு வந்த கல்லை வெச்சு இடத்தைச் சொல்லக் கூடாதும்மா."

சொல்லிக் கொடுத்திருந்தார். நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடுகூட போட்டிருந்தாள்.

கல்லை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். கல்லூரி வாசலில் எஸ்.டி.டி. பூத். ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் வெள்ளியங்கிரி வீட்டு நம்பர். அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்று தடவை அடித்தாள். கண்ணாடிக் கதவுக்குள் புழுங்கியது. சாயங்காலம் விடுதி வார்டன் கூப்பிட்டு அனுப்பியபோது, எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

வாசலில் தப்பட்டைச் சத்தம் ஏறியது. பாடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். உடம்பைத் தூக்கி வைத்துக் கயிறு கட்டினார்கள். அங்கப்பன் முன்கொம்பைப் பிடிக்கக் குனிந்தான். சின்னான் ஓரெட்டு முன்னால் வந்தான். என்ன செய்ய வந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கை மட்டும் நீண்டது. பழனியாத்தாள் அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டாள்.

"அத்தை," என்றாள் செவ்வந்தி. தப்பட்டையில் அது கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "அத்தை, அவுங்க மறக்கலீங்க. பலகை கட்டலாமுன்னு அவுங்கதான் சொன்னாங்க. நாந்தான் சுவரு நிக்கும்னு அப்பாகிட்டச் சொன்னேன்."

தப்பட்டை நின்றது.

"என்ன பேசறே கண்ணு?" பழனியாத்தாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல, பெனாத்துது. பொஸ்தகம் படிக்கற புள்ளைக்குக் கெணத்தப் பத்தி என்ன சாமி தெரியும்? யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுங்க."

"நெசமாலுமுங்க அத்தை. கல்ல வெச்சுச் சொன்னேன். தப்பாச் சொல்லிபோட்டேன்."

"கண்ணு ஏதோ சொல்லுதுங்க," என்றான் சின்னான் அவசரமாக. "அது பாவம். நாந்தானுங்க மறந்தது."

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி விசிறிவிட்டாள். உண்மையை வாய்விட்டுச் சொன்ன பிறகும் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. அத்தையின் பிடியிலிருந்து திமிறி வெளியே வந்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் போன் பண்ணுனனுங்க. தோட்டத்து ஊட்டு நம்பருக்கு. அப்பாவ மேல ஏறச் சொல்லலாமுன்னு. பதினொண்ணே முக்காலு. மூணு தடவ அடிச்சேன். யாரும் எடுக்கல."

வெள்ளியங்கிரி திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். சென்னியம்மாள் பந்தலுக்குள் வராமல், வேலியோரம் தனியாக, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"அடிச்சுதுங்க," என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். "நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். அடிச்சு அடிச்சு நின்னுது. எவனோ வேலையத்தவன்னு உட்டுட்டேன். மூணாவது தடவ அடிக்கறப்போ, சரி எடுக்கலாமுன்னு படியேறுனேன். அப்பத்தான் கெணத்துமேட்டுல கத்துனாங்க."

அந்த வாசலில் ஒருநாளும் உட்கார்ந்திராதவள், பெண்களோடு பெண்ணாக வெறும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பழனியாத்தாளின் கை இன்னும் அணைத்த நிலையிலேயே இருந்தது, உள்ளே ஆளில்லாமல். அங்கப்பன் முன்கொம்பை மெதுவாகக் கீழே விட்டான். எல்லோரும் பாவாத்தாளைப் பார்த்தார்கள். செவ்வந்தியும் பார்த்தாள். அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

பாவாத்தாள் மகள் பக்கம் திரும்பவே இல்லை. கையை ஊன்றி எழுந்தாள். வெயிலுக்குப் போனாள்.

"சின்னான், முன்னால வந்து புடி."

"அக்கா…"

"நேரமாவுதில்ல. புடி."

அவன் பிடித்தான். தோளில் கொம்பு ஏறியதும் அதுவரை அடக்கி வைத்திருந்த சத்தம் அவனிடமிருந்து வந்தது. அதைக் கேட்டுத்தான் மற்றவர்களும் அழுதார்கள்.

பெண்கள் முச்சந்தி வரைதான் போனார்கள். தப்பட்டைச் சத்தம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் போய்த் தேய்ந்தது. செவ்வந்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புதைக்கிற இடத்தில் என்ன மண், குழி எத்தனை அடி, பக்கம் நிற்குமா என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. காலுக்கடியில் தரை கெட்டியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தே வீட்டுக்கு வந்தாள்.

வாசலைக் கழுவ வேண்டும். பாவாத்தாள் துடைப்பத்தை எடுத்தாள். வேறு யாரோ வாளியைத் தூக்க வந்தார்கள்; செவ்வந்தி விடவில்லை. அவள் ஊற்ற, அம்மா தேய்த்துத் தள்ளினாள். உதிரிப் பூ, ஊதுவத்திச் சாம்பல், அரிசி. இரண்டு வாளி ஆயிற்று. மூன்றாவது வாளியைக் கொண்டுவந்தபோது அம்மா குனிந்தபடியே கேட்டாள்.

"நிக்கும்னு நீ சொன்னயே, அப்ப உங்கப்பா சிரிச்சாரா?"

செவ்வந்தி வாளியைக் கீழே வைத்தாள்.

"சிரிச்சாருங்கம்மா."

"நல்லாச் சிரிச்சாரா?"

"பல்லெல்லாந் தெரிய."

துடைப்பம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கியது. செவ்வந்தி வாளியைச் சாய்த்து முழுதையும் ஊற்றினாள். தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருப்பக்கம் ஓடியது. தெருவரை போகவில்லை. பாதியிலேயே மண் குடித்துவிட்டது.