ஒரு வழிக்கு முப்பது வெள்ளி

சனிக்கிழமை என்றால் ஐந்தரைக்கெல்லாம் செல்லனின் கார் எஸ்டேட் முனையில் திரும்பிவிடும். நாலு வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு ஏழாகியும் காணோம். செகிஞ்சான் கடலோரத்தில் வாங்கிய மீனைப் போட்டு வைத்த குழம்பை மூன்றாவது முறையாகச் சூடு பண்ணிவிட்டு, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள் தனேஸ்வரி. நாற்பத்தாறு வயதில், மகன் பினாங்கில் காலேஜ் படிக்கிற வயதில், இதென்ன பரபரப்பு என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு ராத்திரியும் அரைப் பகலும்தான் புருஷன் என்றால் தெரியும் சேதி.

செல்லன் இதே கோல சிலாங்கூர்த் தோட்டத்தில்தான் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். பாதித் தோட்டத்தை விற்றதும் வேலை போயிற்று. கெர்லிங் பக்கத்தில் வேறொரு தோட்டம் கூப்பிட்டது. தனேஸ்வரிக்கு இங்கே நாற்றங்காலில் வேலை. அந்த வேலை இருக்கிறவரைதான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. சாவியைக் கொடுத்தால் கொடுத்ததுதான், மறுபடி கைக்கு வராது. அந்தப் பயத்தில் அவன் அங்கே மூன்று பேரோடு ஓர் அறையில் மெகி நூடுல்ஸ் கிண்டித் தின்றான். இவள் இங்கே கட்டிலில் பாதியைக் காலியாக விட்டுப் படுத்தாள். நடுவில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் ரோடு, ஓட்டுவதற்கு ஒரு கிழட்டுக் கார்.

ஞாயிறு மூன்று மணிதான் அவளுக்கு ஆகாத நேரம். டாண் என்று மூன்றுக்கு அவன் சட்டையை மாட்டி, டிவி மேலிருக்கும் கார்ச் சாவியை எடுப்பான். "வரட்டா தனே," என்பான். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கக் கூடாதென்று அவள் சில வாரம் பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

ஏழே காலுக்குக் கார் திணறிக்கொண்டு வந்து நின்றது.

"ஐம்பதுக்கு மேல போவ மாட்டேங்குது. பின்னாடி வந்த லோரிக்காரன் ஹோன் அடிச்சே கொன்னுட்டான்," என்று இறங்கினான் செல்லன்.

"அது கெடக்கட்டும், கைய கழுவுங்க. சீட்டு இந்த மாசம் எனக்கு விழுந்திருச்சி. மூவாயிரம் வெள்ளி."

அவனுக்கு முகமெல்லாம் பல். கெர்லிங் டவுன் பின்னால் ஒரு வீடு அறுநூறு வாடகைக்கு இருந்தது. முன்பணம், தண்ணி, கரண்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூறு கேட்டார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே அந்த வீட்டில் கட்டிலைப் போட்டார்கள், அலமாரியை வைத்தார்கள், கறிவேப்பிலைக்கு இடம் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் யுவனேஸ்வரன் அதில் மண்ணைப் போட்டான். பாவம், அவன் மேல் தப்பில்லை, அவன் மெக்கானிக். காரைத் தூக்கி, அடியில் பார்த்து, புகைக்குழாய் நடுவிலிருந்த டப்பாவைத் தட்டினான்.

"கேட்டலிட்டிக் போயிருச்சிண்ணே. உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும், புகைய சுத்தம் பண்ற சாமான். அது உருகி அடைச்சிக்கிச்சி. புகை வெளிய போவ வழி இல்ல, வண்டி எப்படி இழுக்கும்?"

"எவ்ளோ வரும்?"

"ஒரிஜினல் ரெண்டாயிரத்து அறுநூறு. காப்பி ஐட்டம் எண்ணூறுக்குக் கெடைக்கும், ஆனா நீங்க ஓடற ஓட்டத்துக்கு ஆறு மாசம் தாங்கினா பெருசுலா. உள்ள இருக்கறத இடிச்சிக் கொட்டிட்டும் ஓட்டறாங்க. வழியில புடிச்சா சம்மன்."

செல்லன் தலையைச் சொறிந்தான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "ஒரிஜினலே போட்டுரு. வீட்ட அடுத்த வருஷம் பாத்துக்குவோம் தனே," என்றான்.

அடுத்த வருஷம்! தனேஸ்வரி மனசுக்குள் எண்ணினாள். இன்னும் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி.

"ஏங்க, வண்டி எதுக்கு?"

"இதென்ன கேள்வி? வண்டி இல்லாம நான் எப்படி வர்றது?"

"எங்க வர்றது?"

"ஒன்னப் பாக்கத்தான்!"

"நான் அங்க வந்துட்டா?"

செல்லன் காரைத் திரும்பிப் பார்த்தான்.

"வேலைக்கு உங்கள தோட்டத்து லோரி ஏத்திக்கிட்டுப் போவுது. இந்தக் காரு சனி, ஞாயிறு ரோட்டுக்குத்தான். டயரு மாத்துனோம், ரேடியேட்டர் மாத்துனோம், கிளட்ச் மாத்துனோம். நாலு வருஷமா தூரத்துக்கு வாடகை கட்டிட்டு இருக்கோம்ங்க. இன்னும் எத்தன நாளைக்கு?"

"வண்டியும் இல்லாம, சாவியயும் குடுத்துட்டா லயத்து வீடும் போயிருமே, தனே."

"போவட்டும். அதுல குடும்பமா நடக்குது? எனக்கு நீங்க வேணும். தெனம் வேணும்," என்றாள். மெக்கானிக் பையன் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. அவன் பக்கம் திரும்பி, "தம்பி, இந்த வண்டி ஒரே ஒரு தடவ கெர்லிங் போவணும். போனா போதும், திரும்ப வர வேணாம். அதுக்கு எவ்ளோ ஆவும்?" என்று கேட்டாள்.

யுவனேஸ்வரன் சிரித்தான். "முன்னாடி சென்சார கழட்டி விடறேன்கா, புகை அந்த ஓட்டையில கொஞ்சம் போயிரும். பேய் மாதிரி கத்தும். அறுபதுக்கு மேல மிதிக்கக் கூடாது, கண்ணாடிய எறக்கியே வைங்க, மூணு எடத்துல நிப்பாட்டி ஆற விடுங்க. முப்பது வெள்ளி குடுங்க."

அவள் வேலையை விட ஒரு மாத நோட்டீஸ். செல்லன் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பினான். அந்த மாதம் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது, வாராவாரம் மூன்று பஸ் மாறி வர அவனுக்கு லீவும் இல்லை. சனிக்கிழமை ஐந்தரைக்கு முனையில் எந்தக் கார் திரும்பினாலும் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். வராது என்று தெரியும். தெரிந்தால் மட்டும்? மீன் வாங்கவில்லை. கொடியில் அவன் விட்டுப்போன சட்டையைத் துவைக்கவும் மனம் வரவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டு பஸ்ஸில் வந்தான். கட்டில், அலமாரி எல்லாம் கூட்டாளியின் லோரியில் முன்னால் போயின. சனிக்கிழமை காலை ஆபீசில் அவள் சாவியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். கார் ஊரையே எழுப்பிக்கொண்டு கிளம்பியது. பெஸ்தாரி ஜெயாவில் நின்றார்கள், பத்தாங்காலியில் நின்றார்கள், கோலகுபு பாருவில் நின்று தேத்தண்ணீர் குடித்தார்கள். நாலு மணிநேரம். கறிவேப்பிலைச் செடி அவள் மடியிலேயே வந்தது.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் செல்லன் புது வீட்டுத் தரையில் கண் அசந்தான். தனேஸ்வரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

அவன் சட்டையை மாட்டியிருந்தான். பித்தானைப் போட்டுக்கொண்டே, பாதித் தூக்கத்தில், டிவி மேலே கையால் துழாவினான். சுவரில் மணி மூன்று.

"தனே, சாவிய எங்க வச்ச? நேரமாச்சி."

அவள் சோப்பு நுரைக் கையோடு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு தெரியாத சுவர்களைப் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற காரைப் பார்த்தான்.

"அடச்சே," என்றான்.

போட்ட பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். தனேஸ்வரி குழாயை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.