நரைத்த தாடி

மலாயாவில் ரந்தாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் கிழவனாவது லேசுப்பட்ட காரியமில்லை. நாற்பதைத் தொடுவதற்குள் ஆள் தேய்ந்துவிடுவான். பாதியைக் காய்ச்சல் தின்னும், மீதியைக் கள்ளுக்கடை தின்னும். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் கம்பெனி கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடும். பால்வெட்ட உதவாத உடம்பைக் கூலிகள் குடியிருந்த லயத்தில் வைத்துச் சோறு போட எந்தத் துரைக்கும் மனம் வந்ததில்லை.

அந்த இடத்தில் சன்னாசி அறுபதையும் தாண்டி நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

சரியான வயது அவருக்கே தெரியாது. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த மறுவருஷம் பிறந்தவன் என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். தலையும் தாடியும் பஞ்சாக வெளுத்திருந்தன. அதைத் தவிர அவர் உடம்பில் கிழடு தட்டிய இடம் ஒன்றுமில்லை. ஒரு பல் ஆடவில்லை. கரும்பைக் கடித்துச் சக்கையாகத் துப்புவார். தாடியை மூடிக்கொண்டு பார்த்தால் நாற்பது வயதுக்காரன்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர் ஒருமுறை அவருடைய நெஞ்சைத் தட்டிப் பார்த்து அசந்துபோய், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"எங்கூட்டுக்காரி போடறதத்தான், தொர" என்றார் சன்னாசி.

டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கேட்டிருக்க வேண்டியது அந்த வீட்டுக்காரியை, மயிலம்மாளை.

அவள் பெற்றது இரண்டு. இரண்டும் தவழுகிற வயதில் வயிற்றுப்போக்கில் போயின. லயமே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. குழாய் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டபோது அப்போதிருந்த துரை, ஏன், ஆறு வற்றிவிட்டதா என்றானாம். அன்றிலிருந்து அவள் வீட்டில் காய்ச்சாத தண்ணீர் யார் தொண்டையிலும் ஒரு மிடறு இறங்கவில்லை. வளர்ப்பதற்கு அவளுக்கு மிஞ்சியது புருஷனின் உடம்பு ஒன்றுதான். அதைப் பிள்ளையைப்போல வளர்த்தாள். சம்பள நாளில் கள்ளுக்கடைப் பாதையில் அவரைக் கண்டால் ஊர் சிரிக்க இழுத்துக்கொண்டு வருவாள். வயிறு நிறைய இன்னும் ஒரு கவளம் இருக்கும்போதே தட்டைப் பிடுங்குவாள். வேலைவிட்டு வந்தவரை உட்காரவிடாமல் லயத்துக்குப் பின்னால் இருந்த கீரைப்பாத்திக்கு விரட்டுவாள்.

"ஏன்டி மயிலு, ஒன் புருசனுக்கு அப்படி என்னத்தடி போடுற?" என்று கேட்பாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா. "எங்கூட்டுல ஒண்ணு இருக்குது பாரு, இப்பவே பாடைக்கு அளவு குடுக்கிற மாதிரி நீட்டிக்கிட்டு."

"ஏச்சுதான்க்கா போடறேன். காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை."

"நெசம்தான்லா" என்பார் சன்னாசி உள்ளேயிருந்து. "இவளுக்குப் பதில் சொல்லியே ஆயுசு ஓடுது. நான் செத்துட்டா கடைசிப் பேச்சு இவ பேச்சா ஆயிருமே, அதான் சாவ மாட்டேங்கிறேன்."

ஜப்பான்காரன் வந்தான். துரைமார் ராத்திரியோடு ராத்திரியாகக் காரேறி ஓடிப்போனார்கள். கூலிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அரிசி போயிற்று. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று லயத்துச் சனத்துக்குக் காலும் முகமும் வீங்கின. மயிலம்மாள் முருங்கைக்கீரையும் தவிடும் கிழங்குமாகப் பிசைந்து உருட்டி வைத்தாள். மாட்டுத் தீனி என்று சிரித்தார்கள். சன்னாசி தின்றார். அவருக்குக் கால் வீங்கவில்லை.

பிறகு சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடிக்க லாரி வந்தது. மூன்றே மாதம், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்கள். முதல் நாளே சேதி தெரிந்துவிட்டதால் மயிலம்மாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாள். "ஆத்தா, எனக்கு இருக்கிறது இந்த ஒரு சீவன்தான். இவர விட்டுட்டுப் போகச் சொல்லு. தலையும் தாடியும் எடுத்து ஒன் காலடியில வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டு வந்தவன், சன்னாசியின் முன்னால் நின்று அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். ஏதோ சொல்லிச் சிரித்தான். கிழவன் என்று சொல்லியிருப்பான். கழுத்தைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். சன்னாசி விழுந்து எழுந்தார். அப்படியொரு சந்தோஷமான விழுதலை மயிலம்மாள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ராக்கம்மாவின் மகன் போனான். பகலில் பால்வெட்டி ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கெல்லாம் முடிவெட்டும் மணியம் போனான். இத்தோடு சரி, இனி இந்தப் பக்கம் லாரி வராது என்று மண்டோர் தங்கராஜு சொன்னார். மேஸ்திரி வேலையில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

"வெள்ளிக்கெழம முடியெறக்கிரணும்" என்றாள் மயிலம்மாள்.

"ஆடி வரட்டும் புள்ள. என்னா அவசரம்?"

"ஆத்தா கடன வச்சிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? கடைசி வீட்டுப் பஞ்சாலை அப்படித்தான் நாளக்கி நாளக்கின்னு தள்ளுனா. புள்ளயத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறா."

சன்னாசி தாடியைத் தடவிக்கொண்டார். "இந்தத் தாடிதான்டி என்னக் காப்பாத்துச்சு. இதயேவா கேக்குறா ஒங்க ஆத்தா?"

"வாயக் கழுவுங்க! மயிரா காப்பாத்துச்சு? ஆத்தா காப்பாத்துனா."

"சரிலா, சரிலா. ஆத்தாதான்."

வழக்கம்போல அவர் விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு தடவை மட்டும் பிடிவாதம் பிடித்திருக்கலாம்.

முடியெடுக்க மணியம் இல்லை. அவன் பெண்டாட்டி லெட்சுமியிடம் போய் மயிலம்மாள் கத்தியைக் கேட்டு வாங்கினாள். "எடுத்துட்டுப் போங்க சின்னம்மா. அவரு வர்ற வரைக்கும் துருப்பிடிக்காம இருந்தாச் சரி" என்றாள் அவள்.

கோயில் வேப்பமரத்தடியில் சன்னாசியை உட்காரவைத்து மயிலம்மாளே மழித்தாள். பொம்பளை கத்தி பிடிக்கலாமா என்று ராக்கம்மா முணுமுணுத்தாள். பிடிக்க ஆம்பளை எங்கே இருக்கிறான் என்று மயிலம்மாள் திருப்பிக் கேட்டாள். வெள்ளை முடி கொத்துக் கொத்தாக வேர்மேல் விழுந்தது. தலை முடிந்து தாடிக்கு வந்தாள். மெல்ல மெல்ல உள்ளேயிருந்து ஒரு முகம் வந்தது. சதை தொங்காத தாடை. சுருக்கமில்லாத கழுத்து. கப்பலில் வந்த புதிதில் பார்த்த அதே முகம். அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"என்னாடி அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. மாப்பிள கணக்கா இருக்கீங்க."

"காத்து நேரா மூஞ்சில அடிக்குது புள்ள. நல்லாத்தான் இருக்கு."

தன் கையால் வளர்த்த உடம்பைப் பார்த்து அன்று அவள் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டு, ஆத்தா கடன் தீர்ந்தது என்று வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக லாரி வந்தது.

போனவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்களாம், ஆள் போதவில்லையாம். இந்தத் தடவை முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வீடு வீடாகப் புகுந்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினார்கள். மயிலம்மாள் முட்டி மோதிக்கொண்டு முன்னால் வந்தாள். வரிசையில் சன்னாசியைக் கண்ணால் தேடினாள். சுற்றிலும் காய்ச்சலில் வெந்து, கால் வீங்கி, முப்பது வயதிலேயே ஒடிந்துபோய் நின்ற ஆண்களுக்கு நடுவில் அவர் ஒருத்தர்தான் ஆளாகத் தெரிந்தார்.

"கூனிக்குங்க!" என்று கத்தினாள். "இந்தாங்க, கூனிக்குங்க!"

சன்னாசி முதுகை வளைத்தார். ஆயுசில் வளையாத முதுகு அது. எப்படி வளைவது என்று அதற்குத் தெரியவில்லை. இடுப்போடு சேர்ந்து முன்னால் குனிந்தது. ஜப்பான்காரனைக் கண்டால் எல்லோரும் குனிந்து கும்பிட வேண்டும் என்று சட்டம் இருந்த காலம். அவர் மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டான் சிப்பாய். சந்தோஷமாகத் தலையை ஆட்டினான். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான். நெஞ்சில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"பாகுஸ்! குவாட்!" என்றான் மலாயில். நல்ல ஆள், பலமான ஆள்.

"கெழவருங்க அவரு!" மயிலம்மாள் மண்டோரிடம் ஓடினாள். "மண்டோரய்யா, ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவரு அவரு. சொல்லுங்கய்யா!"

தங்கராஜு தரையைப் பார்த்தார். அவருடைய தம்பி அடுப்படி விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆள் குறைந்தால் விறகைக் கலைத்துப் பார்ப்பார்கள். கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி தம்பிராஜா மட்டும் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "நான் என்ன செய்யிறது பிள்ளை? நான் சொன்னா உவங்கள் கேப்பாங்களே?" என்றார். சொல்லிப் பார்த்திருக்கலாம். அவரும் சொல்லவில்லை.

லாரியில் ஏறியபின் சன்னாசி எட்டிப் பார்த்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"பாத்திக்குத் தண்ணி ஊத்து!" என்று கத்தினார்.

"காய்ச்சுன தண்ணிதான் குடிக்கணும், கேட்டீங்களா!" என்று அவளும் கத்தினாள். வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

லாரி போனபின் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனாள். வேப்பமரத்தடியில் சருகோடு சருகாகக் கிடந்த வெள்ளை முடியைக் கடைசி இழை வரைக்கும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்தவள்தான் அவள். தெரிந்தேதான் எடுத்தாள். சிலையின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பால்டின்னில் அடைத்து வைத்தாள். அப்புறம் அவள் அந்தக் கோயில் படியை மிதிக்கவேயில்லை.

தன்னையே தின்றுகொண்டிருந்தாள். கண்டதையும் தின்ன விட்டிருக்கலாம். கள்ளுக் குடிக்க விட்டிருக்கலாம். பல்லு நாலு கொட்டியிருக்கும், முதுகு வளைந்திருக்கும், சிப்பாய் விட்டுவிட்டுப் போயிருப்பான். ராக்கம்மாவிடம் இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரோ பிடித்துக்கொண்டு போனதற்கு, ஒருத்தி சோறு போட்ட குறையைத் தேடிக்கொண்டிருந்தாள். மண்டோர் நன்றாகத் தூங்கினார். லாரி அனுப்பியவனும் தூங்கியிருப்பான்.

சண்டை முடியும் தறுவாயில் மணியம் திரும்பி வந்தான். புண் அழுகி இடதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி உதவாது என்று ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். லெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் வேலையாக மயிலம்மாள் வீட்டுக்குத்தான் வந்தான். வந்து உட்கார்ந்தான். அவள் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். செம்பைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"சித்தப்பா ஒரு தகரக் குவளைய வச்சிக்கிட்டு இப்படித்தான் காய்ச்சுவாரு சின்னம்மா. மழையில வெறகு நனைஞ்சு கெடக்கும், விடமாட்டாரு. குடிங்கடா, இல்லாட்டி எங்கூட்டுக்காரி ஏசுவான்னுவாரு. நம்ம பயலுவ தாகம் தாங்காம ஆத்துல வாய வச்சானுங்க. காலரா வந்து வரிசையா விழுந்தானுங்க. ராக்கம்மா அக்கா மவன்கூட. எல்லாத்துக்கும் குழி வெட்டுனது சித்தப்பாதான். ஒடம்புல தெம்பு இருக்குன்னு அந்த வேலையவே அவருக்குக் குடுத்துட்டானுங்க."

"அவருக்கும் காலராவா?"

"இல்ல. அவருக்கு ஒரு காச்சல் கூட வரல. நம்ம தோட்டத்து ஆளுங்க ஒவ்வொருத்தனாப் போயி, என்னையும் புண்ணுக்காரங்க கொட்டாய்க்கு மாத்திட்டானுங்க. அவரு தனியாப் போயிட்டாரு. அப்பப்ப வந்து பாப்பாரு. பேச ஆளில்லடா மணியம், நானே பேசி நானே பதில் சொல்லிக்கிறேன்னாரு. ஒரு நாள் காலையில குழி வெட்டப் போனவரு, மம்பட்டியக் கீழ வச்சுட்டு ஒக்காந்தாராம். அப்புறம் எந்திரிக்கலயாம்."

மயிலம்மாள் எரிகிற விறகை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு கேட்டாள்:

"தாடி வளந்துச்சா?"

மணியத்துக்குப் புரியவில்லை. அவன் முதல் லாரியில் போனவன்.

"தாடிப்பா. மழிச்சுதான் அனுப்புனேன். மறுபடி வளந்துச்சா?"

"வளந்துச்சு சின்னம்மா. நெஞ்சு வரைக்கும்."

"வெள்ளையாவா?"

"வெள்ளையாத்தான்."

"அதப் பாத்துமா அனுப்பல?"



அவள் எழுந்துபோய்ப் பால்டின்னை எடுத்துவந்து அவன் முன்னால் திறந்தாள். மணியம் உள்ளே இரண்டு விரலை விட்டு ஒரு கொத்தை எடுத்தான். வருஷக்கணக்காக அவனே கத்தரித்துச் சீர்படுத்திய தாடி. முடிவெட்டுகிறவனின் விரலுக்கு அது தெரிந்தது.

"இதேதான்" என்றான்.

அன்று சாயங்காலம் சுடுகாட்டில் விறகடுக்கி அதைத்தான் எரித்தார்கள். ஆத்தாளுக்குக் கொடுத்ததாச்சே என்று ராக்கம்மா தயங்கினாள். எரிக்க வேறு எதுவும் இல்லை.