ஆனந்தராசாவின் கில்ட்

என் கணவர் ஆனந்தராசா சாரத்தோடு கீழ்மாடித் தபால்பெட்டிக்குக்கூடப் போகமாட்டார். மொன்றியலின் லாசாலில் எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேர் பைஜாமாவோடு திரிகிறவர்கள்தான். ஆனாலும் இவர் காற்சட்டை போட்டு, பெல்ட் கட்டி, தலை இழுத்துத்தான் மின்சாரக் கட்டணக் கடிதத்தை எடுத்து வருவார். ஒருவரும் தன்னைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது இவருடைய கொள்கை. சட்டை எல்லாம் சாம்பல் நிறம். அப்படிப்பட்ட மனுசன் மகளின் கலியாண வரவேற்புக்கு முழங்கால் தெரிய, கில்ட் என்கிற ஆம்பிளைப் பாவாடை கட்டவேண்டும் என்று சம்பந்தி வீட்டிலிருந்து செய்தி வந்தது.

செய்தியைக் கொண்டு வந்தவள் எங்கள் ஒரே மகள் வித்தியா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கட்டப்போகிற டங்கனுடைய ஆட்கள் ஸ்கொட்லாந்து வழி வந்தவர்கள்.

"அப்பா, காலமை கோயில்லை எல்லாரும் வேட்டி. பின்னேரம் ரிசெப்ஷனுக்கு ரெண்டு வீட்டு ஆம்பிளையளும் கில்ட் போட்டால் வடிவாயிருக்கும் எண்டு டங்கன்ரை அப்பா ஆசைப்படுறார். கடையிலை நீங்கள் எந்த டார்டன் எண்டு மட்டும் சொன்னால் காணும்."

"டார்டன் எண்டால்?"

"அந்தத் துணியிலை இருக்கிற கட்டமும் நிறமும்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொண்டு இருக்காம்."

சொல்லிவிட்டு அவள் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். இவருடைய கை சோற்றில் அப்படியே நின்றதை நான்தான் கண்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. "ஊரிலை எவடம்?" வெளியார் காதுக்கு அது முகவரி கேட்பதுபோல இருக்கும். முதலில் ஊர் கேட்பார்கள், பிறகு எந்த ஒழுங்கை என்பார்கள், பிறகு எந்தக் கோயிலடி என்பார்கள். மூன்றாவது பதிலில் உங்கள் சாதி அவர்கள் கைக்குப் போய்விடும். நாங்கள் பனையேறிய குடும்பம். நான் இவருக்குச் சொந்த மச்சாள், ஒரே ஒழுங்கை. மொன்றியலுக்கு வந்து இருபத்தெட்டு வருடமாக, யார் கேட்டாலும் "யாழ்ப்பாணம் ரவுண்" என்று சொல்லி, மேலே கேட்க இடம் வையாமல் காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவோம். இந்த ஊரில் காலநிலைக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை.

ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது? மூன்று வருடத்துக்கு முன் வித்தியாவுக்கு ரொறன்ரோவில் ஒரு சம்பந்தம் பேசினோம். மண்டபத்துக்கு நாள் பார்க்கும் அளவுக்கு வந்த பிறகு, பெடியனின் தாய்மாமன் பேரின்பநாதன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டார். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. வித்தியா பதினொரு நாள் வேலைக்குப் போகவில்லை, அறையை விட்டும் வரவில்லை. அந்தப் பதினொரு நாளை நான் செத்தாலும் மன்னிக்கமாட்டேன்.

இப்போது அந்தப் பிள்ளை மறுபடி சிரிக்கிறாள், குளிக்கும்போது பாடுகிறாள். அதற்குள் இது.

அன்று பின்னேரமே இவர் கணினிக்கு முன்னால் குந்திவிட்டார். கிளான் என்றால் குலம், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைவன், தலைவனுக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒரு கட்டத்துணி என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில், உரிமை இல்லாத கட்டத்தை எவனோ கட்டிவிட்டான் என்று இன்னொருவன் பொங்கிப் பொரிந்திருந்தான். இவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தீரோ மலர்? இவங்களும் எவடம் எண்டுதான் கேக்கிறாங்கள். நாங்கள் வாயாலை கேக்கிறதை இவங்கள் துணியாலை கேக்கிறாங்கள்."

"நாரி நோகுது, குனிய ஏலாது எண்டு சொல்லிப்போட்டுக் கோட் சூட்டோடை நில்லுங்கோவன்."

"நிண்டால் ஏன் கட்டேல்லை எண்டு கேப்பினம். கேள்வியே வரக்கூடாது."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. இந்தப் பூனை மூன்று நாள் சாப்பாட்டையும் நாடவில்லை. சென்ட் லோரன்ட்டில் விமானப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை இவருக்கு. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற மனுசன், புதன்கிழமை சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு போகாமல் தொலைக்காட்சி ரிமோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டுக்கு வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டன். எங்கடை அப்பப்பா மலைநாட்டிலை ஒரு ஸ்கொட்லாந்துத் துரையிட்டைக் கிளாக்கரா இருந்தவர். துரைக்கு அவரிலை நல்ல விருப்பம். சீமைக்குத் திரும்பிப் போகேக்கை, 'இனி இது உன்ரை குடும்பத்துக்கும்தான்' எண்டு தன்ரை குலத் துணியைக் குடுத்திட்டுப் போனவர்."

"உங்கடை அப்பப்பா மலைநாட்டைப் படத்திலைகூடப் பாத்திருக்கமாட்டார்."

"நீர் சும்மா இரும். இது பிள்ளையின்ரை வாழ்க்கை."

துரைக்கு மக்கின்ரொஷ் என்று பெயர் வைத்தார். தோட்டத்துக்குப் பெயர் வைத்தார். துரையின் குதிரைக்கும் ஒரு பெயர் வைத்தபோது நான் சிரித்தேன், ஆனால் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம். டங்கன் நல்ல பெடியன், சரி. ரொறன்ரோப் பெடியனும் நல்ல பெடியன்தானே? நல்ல பெடியன்களுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். நாங்கள் இருவரும் அந்தக் கனத்தோடுதான் சனிக்கிழமை பஸ் ஏறினோம்.

கடை சென்ட் லோரன்ட்டில், பண்டகசாலைகளுக்கு நடுவில் ஒரு மாடிப்படி ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. டங்கனின் தகப்பன் நீல் எங்களுக்கு முன்னமே வந்து படியில் நின்றார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயக் கல்லூரியின் பண்ணையில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். நெடுத்த ஆள், பெரிய காது, கூச்சப்பட்டால் அந்தக் காதுதான் முதலில் சிவக்கும். இதற்கு முன் இரண்டு தரம்தான் சந்தித்திருந்தோம். இரண்டு தரமும் நாங்கள் காலநிலையைப் பற்றித்தான் கதைத்தோம்.

உள்ளே சுவர் முழுக்கக் கட்டம் போட்ட துணிகள். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் வந்தாள். "பொன்ஜூர்" என்றாள், இவருடைய இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தாள், அளவைக் குறித்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எந்தக் கிளான், மிஸ்யூ?"

இவர் தொண்டையைச் செருமி, இல்லாத துரையைக் கடைக்குள் அழைத்து வந்தார். இருபத்தெட்டு வருடத் தொழிற்சாலை ஆங்கிலம் அன்று நல்லாகவே ஓடியது. தோட்டம் வந்தது, பனிமூட்டம் வந்தது, குதிரை வந்தது. துரை கண்கலங்கித் துணியைக் கொடுத்த இடத்தில் இவருடைய குரலும் கொஞ்சம் கலங்கியது. அளவெடுத்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

நீல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவருடைய காது சிவந்துகொண்டே வந்தது. ஸ்கொட்லாந்துக்காரனுக்கே ஸ்கொட்லாந்துக் கதை சொன்னால் பிடிபடாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். அடுத்த பதினொரு நாள் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நீங்கள் கொடுத்து வைத்தவர், ஆனந்த்" என்றார் நீல். "உங்கள் தாத்தாவைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறது. என் தாத்தா யார் பெற்ற பிள்ளை என்றே எங்களுக்குத் தெரியாது."



நீல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தக் காலத்தில் ஸ்கொட்லாந்தில் அநாதைப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி, இங்குள்ள பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்புவார்களாம். அவருடைய தாத்தா ஒன்பது வயதில் அப்படி வந்தவராம். ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு சோடிச் சப்பாத்து, அநாதை இல்லத்தில் வைத்த ஒரு பெயர். குலமும் இல்லை, கோட்டையும் இல்லை. பண்ணைத் தொழுவத்தில் படுத்ததைப் பற்றி அந்த மனுசன் சாகும்வரை பிள்ளைகளிடம் வாயே திறக்கவில்லையாம்.

"எங்கள் வீட்டுக் கட்டம் என்று நாங்கள் கட்டுவது, என் அம்மா ஒரு கடையில் பச்சை நிறம் வடிவாயிருக்கிறது என்று எடுத்தது. தமிழ் ஆட்கள் ஏழு தலைமுறை விசாரிப்பார்கள் என்று யாரோ எனக்குச் சொன்னார்கள். அதுதான் இன்றைக்கு நானும் வந்தேன். கலியாணத்துக்கு முதல் என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு அது குறையாக இருந்தால்..."

அந்த நெடுத்த மனுசன் எங்களுக்குப் பயந்து நின்றார்! எங்களுக்கு! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிழமைக்கணக்காக அவரும் சோறு தண்ணி இல்லாமல்தான் இருந்திருப்பார் போல.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, ஊரைப்பற்றிக் கதை வரும்போதெல்லாம் இவர் இப்படிப் பார்ப்பார், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவேன். அன்று நான் கண்ணைக் காட்டவில்லை.

"சொல்லுங்கோ" என்றேன்.

"நீல், நான் சொன்னது முழுக்கப் பொய்" என்றார் இவர். "துரை இல்லை. குதிரையும் இல்லை."

"குதிரையும் இல்லையா?" என்று அளவெடுத்தவள் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே கவலை.

"இல்லை. என் தாத்தாவின் பெயர் சின்னவன். ஊர் இலந்தைக்காடு, கிணத்தடி ஒழுங்கை. பனைமரம் ஏறிக் கள்ளு இறக்கினவர். எங்கள் ஊரில் அதை இளக்காரமாகப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பெண் எடுக்கமாட்டார்கள். அதுதான் நான் பொய் சொன்னேன்."

மொன்றியல் மண்ணில் கிணத்தடி ஒழுங்கை என்ற சொல்லை இவர் வாய்விட்டுச் சொன்னதை நான் முதன்முதலாகக் கேட்டேன். கூரை இடிந்து விழவில்லை. கீழே தெருவில் பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"பனைமரம் எவ்வளவு உயரம்?" என்று நீல் கேட்டார்.

"இந்தக் கட்டிடத்தைவிட உயரம்."

"ஏணி வைத்தா?"

"காலில் ஒரு தளைநார், வளையம் மாதிரி. அவ்வளவுதான். காலமை இருபது மரம், பின்னேரம் அதே இருபது மரம்."

"விழவே இல்லையா?"

"ஒருமுறை விழுந்தவர். தோள்மூட்டு முறிந்தது. ஆறு மாதத்தில் திரும்ப ஏறிவிட்டார்."

நீல் ஒரு நீண்ட விசில் அடித்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அவள் காதால் கேட்டதையே மறுபடி அவளுக்குப் பிரெஞ்சில் சொன்னார். கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார், இருபது என்று விரலை விரித்தார், இரண்டு தரம் விரித்தார். இவருடைய தாத்தா, இவருடைய தாத்தா என்று இவரைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் அறையில் தையல் பொறியில் இருந்த கிழவரையும் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். நாங்கள் யாருக்கும் தெரியாமல் பொத்தி வைத்த மனுசனை இன்னொருவன் பெருமையாக ஊருக்குச் சொல்வதைக் கேட்க எனக்கு என்னவோ செய்தது. ஒரு கதிரையைத் தேடி இருந்துகொண்டேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது என்பார்களே, எனக்கு அன்று மூச்சே வேறு மாதிரி வந்தது.

"அப்போ எந்தக் கட்டம்?" என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

"எனக்குத்தான் குலம் இல்லையே" என்றார் இவர்.

"அதனால் என்ன, மிஸ்யூ? வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இல்லை. பிடித்ததை எடுங்கள். பொலிஸ் வராது."

"எதையும்?"

"எதையும்."

"ஆரும் கட்டலாமோ?" என்று தமிழில் என்னிடம் ஒருமுறை கேட்டார். "ஆரும்தானாம்" என்றேன்.

நீல் தங்கள் பச்சையைக் காட்டி, விரும்பினால் இதையே கட்டலாம், ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி இருக்கும் என்றார். இவர் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஆனால் அதை எடுக்கவில்லை. சுவரோரமாக நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு துணியையும் தொட்டார், வெளிச்சத்தில் பிடித்தார், திரும்ப வைத்தார். கூறைச்சேலை எடுக்கப் போன நாளில் நான்கூட இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் ஆனது. சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அதைத் தாண்டிப் போய்விட்டார்.

கடைசியில் கொண்டு வந்தது நல்ல இரத்தச் சிவப்பு, குறுக்கே மஞ்சள் கோடு. மண்டபத்தின் அடுத்த பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் குத்தும்.

"இது கூடிப்போச்சப்பா" என்றேன். "எல்லாரும் திரும்பிப் பாப்பினம்."

"பாக்கட்டும்."

"ஏன் இந்த நிறம் எண்டு ஆரும் கேட்டால்?"

"எனக்குப் பிடிச்சது எண்டு சொல்லுவன்."

இருபத்தெட்டு வருடத்தில் இவர் ஒத்திகை பார்க்காமல் சொன்ன முதல் பதில் அதுதான். திரைக்குப் பின்னால் போய், அந்தத் துணியில் தைத்து வைத்திருந்த மாதிரிக் கில்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து, வெளிறிய இரண்டு முழங்காலையும் காட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நீல் கைதட்டினார். நான் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்து வித்தியாவுக்கு அனுப்பினேன்.