தூக்குப்போசியில் தம்ரூட்

காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று யார் முதலில் ஆரம்பித்து வைத்தார்களோ, அந்த மகராசனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கணும். அந்தப் பழக்கம் மட்டும் இல்லையென்றால் முஸ்தபா பாய் அன்றைக்கு அந்தப் பாடு பட்டிருக்க மாட்டார்.

முஸ்தபா கோயமுத்தூரில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். பதினோரு வருஷமாக சாய்பாபா காலனிப் பக்கம்தான் அவருக்கு லைன். தீபாவளி நெருங்கினால் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, "தீபாவளிங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைதான், அதற்குமேல் கேட்க மாட்டார். பத்தோ இருபதோ கொடுப்பார்கள். "அடுத்த தடவை பாக்கலாம்" என்று கதவைச் சாத்துகிற பெரிய மனுஷர்களும் உண்டு. காளியாத்தாள் வீட்டில் மட்டும் ஐம்பது ரூபாய் நோட்டும், குடிக்க மோரும், போகும்போது வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் கிடைக்கும். "ஊட்டுல கொழந்தைகளுக்குக் குடுங்க பாய்" என்பார் அந்தம்மா.

தொண்ணூற்றேழு தீபாவளிக்கு அந்தக் கச்சாயத்தை ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியில் போட்டுக் கொடுத்தார். போசியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஊரில் கலவரம் வந்துவிட்டது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் பிப்ரவரியில் குண்டு வெடித்தது. அப்புறம் என்ன, ஊரே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. உக்கடத்தில் முஸ்தபா குடியிருந்த சந்தில் மூன்று பேரை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். அதில் ஒருத்தர் வீடு திரும்ப நாலு மாசமானது.

அதற்குப் பிறகு முஸ்தபா ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். பெல்லை அடித்ததும் இரண்டு படி கீழே இறங்கி, இரண்டு கையும் தெரிகிற மாதிரி நிற்பார். உள்ளே இருக்கிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை, பயம்தான் சொன்னது. இந்தத் தீபாவளிக்கு யார் வீட்டிலும் இனாம் கேட்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டார்.

அவர் மனைவி சாஜிதா பேகம் விடவில்லை. "இனாம் கேக்க வேண்டாம், சரிங்க. அந்தப் போசியையாவது குடுக்க வேண்டாமா? ஒரு வருஷமாச்சு. பாத்திரத்தை அமுக்கிட்டாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"சரி, இன்னைக்குக் குடுத்துட்டு வாரேன்."

"காலியாவா?" என்றார் சாஜிதா, ஏதோ திருடச் சொன்ன மாதிரி. ரவையும் பாலும் நெய்யும் தாராளமாகப் போட்டு, தணலில் வேகவைத்து, காலை ஒன்பது மணிக்குள் தம்ரூட் செய்து முடித்துவிட்டார். துண்டு போட்டு போசி நிறைய அடுக்கி, ஒரு துணிப்பையில் வைத்துக் கொடுத்தார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் இரண்டே நாள். காளியாத்தாள் வீட்டில் மூன்று தடவை பெல் அடித்தும் கதவு திறக்கவில்லை. உடுமலைப்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பண்டிகைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். பையை வாசலில் வைத்தால் நாய் இழுக்கும். தரையில் வைத்தால் எறும்பு மொய்க்கும். பக்கவாட்டில், சமையலறைச் சுவரை ஒட்டி, அவரே போன வாரம் இறக்கி வைத்த சிலிண்டர் நின்றது. எறும்பு ஏறாத இடம் அதைவிட வேறு ஏது? சிலிண்டருக்கு மேலேயே பையை வைத்தார். காக்கா பிரித்துவிடக் கூடாதே என்று வண்டியில் கிடந்த கட்டுக்கம்பியை எடுத்துப் பையின் வாயை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வண்டியை மிதித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பூமார்க்கெட் பக்கம் போனபோது போலீஸ் வேன் ஒன்று மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தது. பண்டிகைக் கூட்டமல்லவா? "கேட்பாரற்றுக் கிடக்கும் பை, சூட்கேஸ், டிபன்கேரியர், தூக்குப்போசி எதையும் தொடாதீர்கள். உடனே போலீசுக்குத் தகவல் கொடுங்கள்."

நல்ல விஷயம்தான் சொல்கிறார்கள் என்று முஸ்தபா தலையை ஆட்டினார். ஆட்டின தலை பாதியிலேயே நின்றது. தூக்குப்போசி. கம்பி சுற்றின பை. சிலிண்டருக்கு மேலே. வைத்தது யார்?

"யா அல்லா! என்ன காரியம் பண்ணிட்டேன்!"

சிலிண்டர்கள் தடதடக்க வண்டியைத் திருப்பினார். யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிடணும், அவ்வளவுதான். வாய் தன்னால் துவா ஓதியது. காலுக்குத்தான் வேகம் போதவில்லை.

தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. ஜீப் நின்றது. குறுக்கே கயிறு கட்டி, நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவருக்கு மூச்சு இரைத்தது.

"சிலிண்டர் மேலயே வெச்சிருக்கானுங்களாமா. வெடிச்சா ஊடே இருக்காது" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

திரும்பிப் போய்விடலாம். இன்னும் யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் எத்தனை தூரம் போவது? இன்றைக்கோ நாளைக்கோ வீடு தேடி வருவார்கள். சாஜிதா கதவைத் திறப்பாள். அப்போது போய், அது தின்பண்டம் என்று சொன்னால் எவன் நம்புவான்? அதற்குள் அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கைகள் இரண்டும் தெரிகிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு, கயிற்றருகே நின்ற சப்-இன்ஸ்பெக்டரிடம் போனார். அழகிரிசாமி என்று சட்டையில் பேர் இருந்தது.

"சார், அந்தப் பையை நான்தானுங்க வெச்சேன்."

இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள்.

"பேரென்ன?"

"முஸ்தபாங்க. கேஸ் போடறவனுங்க."

பேர் வெளியே வந்ததும் சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அவரிடம் சிலிண்டர் வாங்கியவர்களும், சில்லறை கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"உள்ள என்ன?"

"தம்ரூட்டுங்க."

"என்னது? டெட்டனேட்டரா?" சப்-இன்ஸ்பெக்டருக்குக் குரல் உயர்ந்தது. பிடித்த கைகள் இறுகின.

"அய்யோ, இல்லீங்க சார்! திங்கறதுங்க! ரவை, நெய், சர்க்கரை... எஞ் சம்சாரம் செஞ்சதுங்க!"

அழகிரிசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "போன் பண்ணின அம்மா, வெச்ச ஆளைப் பாக்கலைன்னு சொல்லுது. நீயா வந்து நிக்கறே. பாம் ஸ்குவாடு வர ஒரு மணி நேரமாகும். உன்னுதுதானே? நீயே போய்த் தொற."

எல்லோரும் இன்னும் பின்னால் போய்விட்டார்கள். முஸ்தபா மட்டும் தனியாக நடந்தார். முப்பது அடி இருக்கும். சிலிண்டர் மேல் பை அவர் வைத்தபடியே இருந்தது. வைத்தபடியேதானா? கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே? நடுவில் யாராவது வந்து மாற்றி வைத்திருந்தால்? சே, என்ன பைத்தியக்கார நினைப்பு! கம்பியைப் பிரித்தார். முனை விரலில் குத்தி ரத்தம் வந்தது, வலி தெரியவில்லை. மூடியில் கை வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைசி மூச்சில் சொல்கிற கலிமாவைச் சொன்னார்.

நெய் வாசம் வந்தது.

போசியைத் தூக்கிக் காட்டினார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாக்கு வறண்டு கிடந்ததால் விழுங்க முடியவில்லை. போலீஸ்காரர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கூட்டமும் சிரித்தது. "அறிவிருக்காய்யா உனக்கு? கேஸ் மேலயா வெப்பே?" என்று அழகிரிசாமி அரை மணி நேரம் திட்டி, பேர் விலாசம் எழுதிக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போனார். வேடிக்கை பார்த்தவர்கள் பட்டாசு வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

போலீஸ் கூட்டிப்போய் உட்கார வைத்திருந்த எதிர்வீட்டு வாசலிலிருந்து காளியாத்தாள் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, நீங்க ஊட்டுலயா இருந்தீங்க? மூணு தடவை பெல் அடிச்சனுங்களே."

"கேட்டுச்சுங்க பாய்."

முஸ்தபா கையிலிருந்த போசியை மூடினார்.

"ஜன்னல்ல நின்னு பாத்தனுங்க. நீங்க பையை வெச்சதையும் பாத்தேன், கம்பி சுத்தினதையும் பாத்தேன். உங்களைத் தெரியாதா எனக்கு? இருந்தும் கதவைத் தொறக்கக் கை வரலீங்க. குண்டு வெடிச்சதுல எங்கூட்டுக்காரருக்கு ஒரு காது போச்சு. அன்னையிலிருந்து எல்லாத்துக்கும் பயமுங்க. போலீசுக்குப் போன் பண்ணிப்போட்டேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஆளு யாருன்னு கேட்டாங்க. பாக்கலைன்னு சொல்லிப்போட்டேன். உங்க பேரைச் சொன்னா உங்களை என்ன பண்ணுவாங்களோன்னு, அதுக்கும் பயமுங்க."

முஸ்தபாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அந்தம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்த கையல்லவா இது? ஆனால் அந்தக் கோபம் நிற்கவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழணும் போல இருந்தது. காளியாத்தாள் மடியிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணு சொல்றனுங்கம்மா. யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றார் முஸ்தபா. "அது எஞ் சம்சாரம் சுட்டது. நான் கட்டினது. நான் வெச்சது. இருந்தும் மூடியைத் தொறக்கையில, வெடிச்சுருமோன்னு நானும் பயந்துபோட்டனுங்க."

காளியாத்தாள் உடைந்து அழுதார். முஸ்தபா அந்த நோட்டை வாங்கிக்கொண்டு, போசியை அவரிடம் கொடுத்தார். போசி கை மாறும்போது மூடி கடகடவென்று ஆடியது.