டப்பாவைத் தவறவிட்டவள்

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகவே ஆகாது. ஒரே வீடு, ஒரே பல்கலைக்கழகம், அதிலும் ஒரே உளவியல் துறை. இருந்தும் காலையில் தனித்தனிப் பேருந்தில்தான் போவார்கள். அண்ணியின் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவ வேறு ஆள் அகப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

ஆய்வு என்ன தெரியுமா கண்ணுகளா? வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஓர் அறையில் மனசை உருக்கும் படம். மீதிப் பேருக்கு அடுத்த அறையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் படம். வெளியே வந்தால் நடைவழியில் நாத்தனார் எதிர்ப்படுவாள். கைதவறியதுபோல் பென்சில் டப்பாவைக் கீழே போடுவாள். யார் குனிந்து பொறுக்கிக் கொடுக்கிறார்கள் என்று கேமராவில் பதிந்து பார்க்க வேண்டும். உருக்கமான படம் பார்த்தவர்கள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். குழாய்க்காரர்கள் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆய்வை மதிப்பிட வந்த தேர்வாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அரம். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“டப்பா போட்ட பொண்ணுக்கு, யார் எந்த ரூம்ல இருந்து வர்றாங்கன்னு தெரியுமா?”

“தெரியும் சார். அதனால என்ன?”

“அதனால என்னவா? அவளுக்குத் தெரியாம இன்னொரு தடவ செஞ்சுட்டு வாம்மா. பட்டத்தப் பத்தி அப்புறம் பேசலாம்.”

செய்தாள். இந்தத் தடவை எல்லாரையும் ஒரே கதவு வழியாக அனுப்பினாள். இரண்டு கூட்டமும் ஒன்றுபோலத்தான் குனிந்தது. வித்தியாசம் போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி டப்பாவைச் சுவரில் விட்டெறிந்தாள். கூடமெல்லாம் பென்சில்.

“வேணும்னே மூஞ்சிய உர்ருனு வெச்சுக்கிட்டு நின்னிருக்க! என்னைக் கவுக்கணும்னே!”

“எப்பவும் இருக்கற மூஞ்சிதான். கேமராவுல பதிஞ்சிருக்குல்ல? போட்டுப் பாருங்க.”

இரண்டாம் முறை எடுத்த பதிவில் குற்றமே இல்லை. எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. முதல் முறை எடுத்ததைப் போட்டார்கள். உருக்கமான படம் பார்த்தவர் வந்தால் நாத்தனார் கண்ணைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். டப்பா அவர் காலடியிலேயே விழுகிறது. குழாய்க்காரர் வந்தால் அவர் தாண்டிப் போன பிறகுதான் விழுகிறது.

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “நானா இது? சத்தியமா எனக்கே தெரியாது.”

“எதுக்குடி இப்படிப் பண்ண?”

“நீங்க ஜெயிக்கணும்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கும் போல. கர்மம்.”

“உன்ன யாரு கேட்டா?” அண்ணி அதே காட்சியை மறுபடி ஓடவிட்டாள். குரல் இறங்கிவிட்டது. “என் பழைய முடிவு குப்பை. ஆனா இதை எழுதலாம். விடை தெரிஞ்சவ கை எப்படி ஆய்வையே சாய்க்குதுன்னு. ரெண்டு பதிவும் இருக்கு. அரம் ஒத்துக்குவாரு.”

“என்னையா எழுதப் போறீங்க? சம்மதம் இல்லாம ஒருத்தர ஆய்வுல சேர்க்கக் கூடாதுன்னு நீங்கதான அண்ணி எனக்குப் பாடம் எடுத்தீங்க?”

அண்ணியின் பட்டம் இப்போது நாத்தனாரின் வாயில்தான் இருந்தது.

“சம்மதம் தருவியா, மாட்டியா?”

நாத்தனார் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“மொதல்ல பென்சிலப் பொறுக்குங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

அண்ணி அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு குனிந்தாள். சோபாவுக்கடியில் உருண்டுபோன ஒரு பென்சில், நாத்தனார் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.