ஒன்றரை விரல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தபாலில் வந்தது. என் ஒன்பது புத்தகங்களுக்கும் பிழை திருத்தியவர், பத்தாவதை முப்பதாம் பக்கத்தோடு நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவர் ஒற்று அக்கா. விட்டுப்போன ஒற்று எந்த வரியில் ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். உறையின் மேல் ஒரு குறிப்பு: 'இடது கை சரியில்லை, தம்பி. மன்னிக்கவும்.' இருபத்திரண்டு வருடத்தில் அவர் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் முறை.

அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

2

முதல் தொடக்கம்: 'ஒரு மழை நாளில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தவரின் முழங்கை—'

வேண்டாம். அவர் விழவே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'இரண்டு விரல்கள் மரத்துப்போயிருந்தன.' இதை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். (மேசையில் முழங்கை ஊன்றக் கூடாது, போனைக் காதில் பிடிக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேட்கிறார். என் வாக்கியங்களின் நீளம் எனக்கே இப்போதுதான் மூச்சு வாங்க வைக்கிறது.)

"ரெண்டு இல்ல தம்பி, ஒண்ணரை. சுண்டுவிரல் முழுசா. மோதிர விரல்ல சுண்டுவிரல் பக்கம் மட்டும். நடுவுல கோடு போட்ட மாதிரி."

திருத்திவிட்டேன். தலைப்பும் கிடைத்தது.

3

மருத்துவரின் அறையில் நடந்தது, அக்கா சொன்னபடியே.

முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் சுரீரென்று விரல் நுனிவரை ஓடுமே, அந்த இடத்தில்தான் நரம்பு நசுங்குகிறதாம். மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொன்னார். மெல்ல இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு பக்கத்தைக்கூடத் தவறவிடாதவர், ஒரு வெற்றுத் தாளைத் தவறவிட்டுவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரம் பார்ப்போம். பிடி திரும்பலேன்னா ஆபரேஷன். அப்புறமும் பழையபடி வேலை செய்ய முடியுமான்னு இப்பவே சொல்ல முடியாது."

காரணம் தேடினார்கள். பழைய எலும்பு முறிவு? இல்லை. தூக்கத்தில் கையை மடக்கி வைக்கும் பழக்கம்? உண்டு. வேலை? இடது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, அந்தக் கையில் என் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிப் பிடித்து, அச்சுப் பிரதியோடு ஒப்பிடுவார். முற்றுப்புள்ளி வரும்வரை கையை அசைக்க மாட்டார். அது அவருக்கு அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

என் வாக்கியங்களில் முற்றுப்புள்ளி அத்தனை சீக்கிரம் வராது.*

* ஏழாவது நாவலின் முதல் வாக்கியம் நான்கு பக்கம். ஆகா ஓகோ என்றார்கள். அந்த நான்கு பக்கமும் ஒரு முழங்கையின் மேல் நின்றன.

4

இந்த அடிக்குறிப்பையும் போனில் வாசித்துக் காட்டினேன்.

"என்னாலதான்க்கா இது."

"அடேயப்பா! என் கையைக் கெடுக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தாளரா நீங்க? நான் கையை மடக்கித் தூங்குறதுக்கும் நீங்கதான் காரணமா? டாக்டரே இன்னதுதான்னு அடிச்சுச் சொல்லல. அந்த வரியை எடுங்க."

"இருக்கட்டும்க்கா."

"சரி, இருக்கட்டும். ஆனா அந்த நாலு பக்கம் நல்லா இருந்துச்சுன்னு சேர்த்துக்குங்க. நான் ரெண்டு தடவை படிச்சேன். ஒரு தடவைதான் வேலைக்காக."

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த பாராட்டு. (நன்றி, அக்கா. பேச்சை மாற்றாதீர்கள்.)

5

இரண்டு முடிவுகள் எழுதி அக்காவுக்கு வாசித்தேன்.

அ) பிடி திரும்புகிறது. பத்தாவது புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தை அவர் எடுக்கிறார்.

ஆ) பிடி திரும்பவில்லை. அவர்—

"ரெண்டையும் அடிங்க. நடக்காததை எதுக்கு எழுதுறீங்க? வியாழக்கிழமையோடதான் ஆறு வாரம் முடியுது. நீங்களும் கூட வர்றீங்கல்ல?"

போகாமல் இருப்பேனா? இந்தக் கதையின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துப் போகிறேன். மருத்துவர் வெற்றுத் தாளை நீட்டும் முன் இதை அவரிடம் கொடுப்பேன். அக்கா பிடிப்பார். மருத்துவர் இழுப்பார்.

அதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை, நீங்கள்தான் முடிக்க வேண்டும். அக்கா காதால் கேட்டாரே தவிர, கண்ணால் பார்க்காமல் வெளியாகும் என் முதல் கதை இது. பிழை இருந்தால் முழுக்க என்னுடையது. திருத்திக்கொள்ளுங்கள், முழங்கையை மட்டும் ஊன்றாதீர்கள்.

வாக்கியங்களை முடிந்தவரை குட்டையாக வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தின் அடியில் இருப்பதும் சின்ன வாக்கியம்தான்:

பிடித்துக்கொள்ளுங்கள், அக்கா.