வாட்ச்மேனின் நேரம்

...யாருடையதாக இருந்தால் என்ன, தெருவில் கிடந்தது, நான் யார் பையிலும் கையை விடவில்லையே, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன், நிமிர்ந்தபோது கைக்குள் இருந்தது, நான்காக மடித்த நோட்டுகள், இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணினால் என்னுடையதாகிவிடும் என்று பயம்... பயமா, ஆசையா? தையல் கம்பெனியில் பகல் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை, இதை விடமாட்டேன் என்கிறது. வீட்டில் என் கணவர் மூன்று வருஷமாகப் படுக்கையில், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை, மாமியார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார், "எல்லாம் போன ஜென்மத்து வினைம்மா, யாரை நோக." சரி, அப்படியே இருக்கட்டும், அடியை முன்கூட்டியே வாங்கியாயிற்று, அதற்கான பாவத்தை இப்போதுதான் செய்கிறேன் என்று வைத்துக்கொண்டால் என்ன? சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாப்பில் தனியாகச் சிரிக்கிற பைத்தியம்.

அப்போதுதான் ஒரு பெரியவரைப் பார்த்தேன், வாட்ச்மேன் சட்டை, நரைத்த மீசை, தரையைப் பார்த்தபடியே வந்துகொண்டிருந்தார், சாக்கடை ஓரம், பெட்டிக்கடை வாசல், குப்பைக் காகிதங்களைக் காலால் புரட்டிக்கொண்டு. விரல்களை இன்னும் இறுக்கினேன்.

"இந்தப் பக்கம் ஏதாச்சும் கிடந்துச்சாம்மா?"

"என்னதுண்ணே?" என் குரலா அது, எவ்வளவு பதமாக வருகிறது...

"சம்பளப் பணம்மா. பாக்கெட்டு கிழிஞ்சிருக்கு, கவனிக்கல." பையை வெளியே இழுத்துக் காட்டினார், ஓட்டை வழியாக அவர் விரல் தெரிந்தது.

"நான் இப்பத்தான் வந்தேண்ணே."

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "விடும்மா, எந்த ஜென்மத்துப் பாவமோ... நம்ம நேரம்," என்று நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

பாவமா? நேரமா? இரண்டு முழம் தள்ளி நான் நிற்கிறேன், கையை மூடிக்கொண்டு. நான்தானா இவருடைய வினை? அப்படியென்றால் எங்களுடையது... சாரம் கட்டின மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாரே, கயிறு இற்றுப்போயிருந்ததா என்று கேட்டதற்கு, "நான் அப்பத்தான் வந்தேம்மா, எதையும் பாக்கல, உங்க நேரம்," என்றாரே, நான்கூட அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேனே, மூன்று வருஷமாக ஒரு தடவையாவது அவரைச் சந்தேகப்பட்டேனா...

பஸ் வந்து நின்றது. "ஏறும்மா, கூட்டம் கம்மியா இருக்கு," என்றார். கை திறக்கும் என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். வாய்தான் திறந்தது.

"வரேண்ணே."